பின்சீட்டில் கருப்புப் பை

என் கணவர் ஹார்லன் பழைய ராணுவத் துப்பாக்கிகள் சேர்ப்பவர். வீட்டில் பதினொன்று இருக்கின்றன. ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. ஒவ்வொன்றும் கிடங்கிலிருந்து கெட்டி கிரீஸில் முக்கியெடுத்தாற்போல் வரும். அந்தக் கிரீஸை உருக்கியெடுக்க என் ஓவனைத் தொடக் கூடாதென்று சண்டை போட்டேன். மனிதர் துப்பாக்கியின் மரக்கட்டையைக் கருப்புப் பையில் சுற்றி, சூட்டில் உருகட்டுமென்று கேன்சஸ் வெயிலில் நின்ற காரின் பின்சீட்டில் போட்டுவிட்டார்.

அது தெரியாமல் ஞாயிறன்று சர்ச்சிலிருந்து பாஸ்டர் ரைனரைப் பின்சீட்டில் ஏற்றிவந்தேன். அவர் இறங்கும்போது வெள்ளைக் கால்சட்டையெல்லாம் பையிலிருந்து கசிந்த பழுப்புப் பிசுக்கு.

"ஐயோ பாஸ்டர்! அந்த மனுஷனை இன்னைக்கு ஒரு வழி பண்றேன்!" என்றேன்.

அவர் பிசுக்கை விரலால் வழித்து முகர்ந்தார். முகம் மலர்ந்தது.

"ரஷ்யத் துப்பாக்கிதானேம்மா? எனக்கும் இன்னொண்ணு கிடைக்குமான்னு ஹார்லன்கிட்ட கேளுங்க. என் வீட்டுக்காரிகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க."