கொம்புச் சாயம் பூசிய சைக்கிள்

ஐந்தாம் வகுப்புக்கு வாளையார் ரோட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போக மாட்டேன், சைக்கிள் வேண்டும் என்று நான் தரையில் புரண்டு அழுத அன்று, அத்தையைத் தவிர வீட்டில் ஒருவரும் அசைந்து கொடுக்கவில்லை. அத்தை அப்பாவின் தங்கை. மாசி மாதம் ஒரே ஒரு பையோடு ஆனைகட்டிப் பக்கத்துப் புருஷன் வீட்டிலிருந்து வந்தவள், திரும்பிப் போகவில்லை. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அந்த வீட்டு ஆட்கள் வந்து அவளைக் கூட்டிப் போய்விடுவார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அவளுக்குப் போக இஷ்டமில்லை என்பது எனக்குக்கூடத் தெரியும். ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

மாட்டுக் கொட்டகைப் பரணில் தாத்தாவின் சைக்கிள் கிடந்தது. தாத்தா போய்ச் சேர்ந்த பிறகு அதன்மேல் ஏறியவை கோழிகள் மட்டும்தான். அத்தை அதை இறக்கி, தேங்காய் நாரை எண்ணெயில் தோய்த்துத் தேய்த்தாள். துருவுக்கு அடியிலிருந்து ஹேண்டில்பார் பளிச்சென்று எட்டிப் பார்த்ததும் நான் கொட்டகை அதிரக் குதித்தேன். ஃபிரேமும் பின்சக்கரமும் தேறின. மற்றதெல்லாம் தேட வேண்டியிருந்தது.

தேடினோம் பாருங்கள், அப்படி ஒரு தேடல்! செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாய் ஆக்ரிக்கடை வைத்திருந்தார். பழைய இரும்புக் கடையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். நானும் அத்தையும் முழங்கை வரை கரியாகும்படி அங்கே தோண்டினோம். முன்சக்கரம் ஓர் ஐஸ்காரர் வண்டியுடையது. செயின் யாருடையதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். பெடல் இரண்டில் ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. மூன்றாம் நாள் நான் ஒரு மணியைக் கண்டெடுத்துப் போட்ட கூச்சலில், வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"சைக்கிள் கட்டறீங்களா, ரயிலு கட்டறீங்களா அம்மிணி?" என்றார் பாய்.

"ஓடுனாப் போதுமுங்க பாய்," என்றாள் அத்தை.

முன்சக்கரத்துக்குப் பால்ரஸ் போடும்போது, கிண்ணத்தில் இருந்த இரும்புக் குண்டுகளில் ஒன்றைக் கோழி விழுங்கிவிட்டது. அன்று முழுக்க அந்தக் கோழியின் பின்னாலேயே குச்சியோடு அலைந்தேன். அது திருப்பிக் கொடுத்தபாடில்லை. ஒன்று குறைந்தால் குடி முழுகாது என்று அத்தை கிரீஸை அப்பி மூடினாள். பெயிண்டுக்கும் கடைக்குப் போகவில்லை. பட்டிப் பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் பூசி மீந்த நீலமும் சிவப்பும் இருந்தன. முன்பாதி நீலம், பின்பாதி சிவப்பு. அதைப் பார்த்துவிட்டு எங்கள் காளை கொஞ்ச நேரம் மேயாமல் நின்றது.

புருஷன் வீட்டார் வருகிற பஸ் வழியில் பழுதாகட்டும் என்று தினமும் மாகாளியம்மனை வேண்டிக்கொண்டேன். அத்தைக்காக இல்லை. அவள் போய்விட்டால் என் சைக்கிள் பாதியில் நின்றுவிடுமே!

அதற்குள் முடித்துவிட்டோம். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, ராகு காலத்துக்கு முன்னால், அப்பா சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டினார். 

"ஒரே ஒரு சுத்து ஓட்டிப் பாத்துப்போட்டுத் தாரேன் கண்ணு," என்று அத்தை துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஏறினாள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. மணி அடித்தது. நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். வாய்க்கால் பாலம் வரைக்கும்தான் என்னால் ஓட முடிந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தாள்.

ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அப்பா வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்தார். நான் அழுது, ஓய்ந்து, மறுபடி அழுதேன். உச்சி வெயிலில் வந்து இறங்கியவள் என்னைப் பார்க்கவில்லை. நேராக அப்பாவிடம் போனாள்.

"மில்லுல திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்கண்ணா. ஷிப்டுக்கு வந்துபோக வண்டி இருக்குதான்னு கேட்டாங்க. வெளிய நிக்குதுங்கன்னு காட்டுனேன்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தே விட்டார்கள். மாகாளியம்மன் பஸ்ஸை நிறுத்தவில்லை. நான்கு பேர், இரண்டு சீப்பு வாழைப்பழம். காபி குடித்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அவர்களில் மூத்தவர் தொண்டையைக் கனைத்தார்.

"அப்பறமுங்க, பொண்ணக் கெளம்பச் சொல்லுங்க."

அடுப்படியில் அம்மாவும் அத்தையும் கையில் பிடித்த டம்ளரோடு அப்படியே நின்றார்கள். நான் நிலைப்படியில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தேன். அப்பா வாசலில் நின்ற சைக்கிளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாளைக்கு அவ வேலைக்குப் போவோணுமுங்க," என்றார். "வண்டி அவளுதுதான். போற வழியில பாப்பாவப் பள்ளிக்கூடத்துல எறக்கி உட்டுருவா."

பாதிப் பழத்தை வீசிவிட்டுக் கொட்டகைக்கு ஓடி, வைக்கோலில் முகத்தைப் புதைத்து அழுதேன். அடுப்படியில் அத்தையும் அழுதுகொண்டிருந்ததாக அம்மா பிற்பாடு சொன்னாள். அப்பா அன்றைக்கு எவ்வளவு பெரிய வார்த்தை சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. நாலு பேர் முன்னால் என் சைக்கிளைத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன்.