மூன்றாவது குழாயில் தவளை

க்ளவுஸ் அக்காவுக்கு வீட்டில் வேறு பெயர் உண்டு. ஆய்வகத்தில் யாருக்கும் அது தெரியாது. பதினேழு வருஷமாக அவருடைய வேலை இதுதான்: ஓர் உயிரின் உடம்பில் எடுத்த துளியைச் சுத்தம் செய்து, அதிலுள்ள புரதங்களை நொதி விட்டுத் துண்டுகளாக்கி, பீரோ அளவு எந்திரத்துக்கு ஊட்டுவது. என்னென்ன புரதம் இருக்கிறதென்று எந்திரம் மறுநாள் பட்டியல் தரும். பெரிய படிப்புக்காரர்கள் அதைக் கட்டுரையாக்குவார்கள். கடைசிப் பக்கத்தில் அக்காவுக்கு ஒரு நன்றி இருக்கும், இடம் மிஞ்சினால்.

இந்த முறை வந்த துளி, ஒரு தவளையின் முதுகில் ஊறியது. அந்தத் தவளை இனம் ஆய்வகத்தின் பின்பக்கக் குளத்தில் மட்டுமே இருந்தது. அதை ஆராய நிதி வந்தது. நிதி வந்ததும் ஆட்கள் பெருகினார்கள், ஆட்களோடு கார்களும் பெருகின. கார் நிறுத்த இடமில்லாமல் குளத்தை மூடினார்கள். மிச்சம், உறைபெட்டியில் மூன்று குழாய்.

முதல் குழாயின் பட்டியலில் முதலிடம் கெரட்டினுக்கு. மனிதத் தோலிலும் முடியிலும் உள்ள புரதம். கொஞ்சம் கலந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. இது தவளையையே மூடிவிட்டது. இரண்டாவது குழாயிலும் அதே கதை. காரணம் அக்காவுக்கு மட்டும் தெரியும். ஒரு வருஷமாக முழங்கையிலும் நெற்றியோரத்திலும் தோல் செதில் செதிலாக உதிர்கிறது. முழுக்கைச் சட்டை போட்டு மனிதர்களிடம் மறைத்துவிட்டார். எந்திரத்திடம் செல்லுபடியாகவில்லை.

டைரக்டர் கத்தவில்லை. கத்துகிறவர்களிடம் கெஞ்சலாம், இவரிடம் அதுவும் முடியாது. “இன்னொரு தடவை கெரட்டின் வந்தா இந்த லேப் பெஞ்சை விட்டுடுங்கம்மா. ஸ்டோர்ல ஆள் கேக்கறாங்க.”

அன்று மாலை அக்கா தலைமுடியை ஒட்ட வெட்டி, புருவத்தையும் மழித்தார். பஸ் ஓட்டும் கணவர் கதவைத் திறந்து, “உள்ள என் பொண்டாட்டி இருப்பாளே, கொஞ்சம் கூப்பிடறீங்களா?” என்றார். அக்கா சிரிக்க ஆரம்பித்தார்; முடிந்தது அழுகையில். ஸ்டோர் என்றால் நாற்காலி உண்டே என்று கணவர் தேற்றிப் பார்த்தார்.

“அங்க அட்டைப்பெட்டியை எண்ணணும். இந்தக் கைக்கு வேற ஒண்ணும் வராதுங்க.”

மூன்றாவது குழாய்க்கு, செதில் உதிராமலிருக்க உடம்பெல்லாம் எண்ணெய், இரண்டு அங்கி, மணிக்கட்டில் டேப். கடைசிக் கட்டத்தில் புரதத் துண்டுகள் ஒரு குட்டி வடிகட்டியில் ஒட்டியிருக்கும். இரண்டு முறை கழுவ வேண்டும். கழுவினார். ஏதோ உதிர்ந்தது போலிருந்தது. மூன்றாம் முறை கழுவினார். மறுபடி சந்தேகம். அதிகம் கழுவினால் ஒட்டியிருப்பதும் போய்விடும் என்று புதிதாக வருகிறவர்களைத் திட்டுவதே அவர்தான். ஒன்பதாவது முறைதான் கை நின்றது.

மறுநாள் டைரக்டர் பட்டியலைத் திறந்தார். “கெரட்டின் இல்ல,” என்றார். அக்காவுக்கு மூச்சு வந்தது. டைரக்டர் பட்டியலில் இன்னும் கீழே போனார். “தவளையும் இல்லம்மா.”

“கெரட்டின் வந்தாத்தானே சார் போகச் சொன்னீங்க? வரலையே சார்.”

டைரக்டர் புருவமில்லாத அந்த முகத்தைப் பார்க்காமல், திங்கட்கிழமை ஸ்டோருக்கு வரச் சொல்லிவிட்டார்கள் என்றார்.

“அப்ப இன்னிக்கு வந்த மீன் சாம்பிளை மட்டும் முடிச்சுக் குடுத்துடறேன் சார்.”

“அதை வேற ஒருத்தர் ஆரம்பிச்சுட்டாங்கம்மா.”