பெடலுக்கு அடியில் என் செருப்பு

என் அப்பாவுக்கு டீசல் வண்டி அத்துப்படி. எங்கள் தீவில், சிகடோகா பள்ளத்தாக்கில் யாருடைய லாரி மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவர் மேல் எனக்கிருக்கும் புகாரே இதுதான்.

அவரிடம் ஒரு கேரியர் இருந்தது. முன்னால் நாலு பேர் நெருக்கி உட்காரலாம். பின்னால் தார்ப்பாய் கட்டிய தொட்டி. போகும்போது கத்தரிக்காயும் தர்பூசணியும், வரும்போது ஆட்கள். டர்போ வைத்த டீசல் எஞ்சின். எஞ்சின் கக்குகிற புகையிலேயே ஒரு சின்னச் சக்கரம் சுற்றி, உள்ளே கூடுதலாகக் காற்றைத் தள்ளும். ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் அது விசில் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் அப்பாவுக்கு முகமே மாறிவிடும். வண்டி இழுக்கவில்லை என்று வருகிறவர்களிடம் அவர் முதலில் விசாரிப்பது புகையைத்தான். "கறுப்பா பொகைஞ்சா காத்து பத்தல. பொகையே இல்லன்னா டீசல் பத்தல. அவ்ளோதான்." ஊரில் பாதிப் பேருக்கு இது மனப்பாடம். எனக்கும்தான்.

தலைநகரில் ஒரு கும்பல் துப்பாக்கியோடு புகுந்து ஆட்சியைக் கவிழ்த்த வருஷம் அது. எனக்குப் பத்து வயது. எங்கள் பக்கத்தில் பூர்வகுடி நிலக்காரர்கள் குத்தகை முடிந்த நிலங்களைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைப் போல முன்னோர் கப்பலேறி வந்த குடும்பங்களில் போக முடிந்தவர்கள் எல்லாம் போனார்கள். அத்தையும் கிளம்பினாள். மாமா முன்னாலேயே கனடா போய்ச் சேர்ந்திருந்தார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அவளுக்கு ஒரே மகள், என்னைவிட நாலு மாதம் மூத்தவள். நானும் அவளும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பாயில் தூங்கியவர்கள்.

விசாவில் ஒரு தேதி போட்டிருந்தது. அதற்குள் கனடாவில் போய் இறங்காவிட்டால் மருத்துவப் பரிசோதனையிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். டிக்கெட் கிடைத்ததோ கடைசி நாள் விமானத்தில். முந்தின சாயங்காலம் வழியனுப்ப வந்த கூட்டத்துக்கு நடுவே, அத்தை மகளின் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, உன்னைப் போகவே விடமாட்டேன் என்று நான் கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

காலையில் ஊரடங்கு விலகியதும் புறப்பட்டோம். எப்போதும் வெறுங்காலோடு வண்டி ஓட்டுகிற அப்பா அன்று கல்யாணத்துக்குப் போடுகிற கறுப்பு ஷூவைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். முன்னால் அவர், அத்தை, அத்தை மகள், நான். பின்னால் பெட்டிகளோடு அம்மா.

நாடி விமான நிலையத்துக்கு எங்கள் கேரியரில் ஒன்றரை மணி நேரம் ஆகும். அன்று வண்டி நாற்பதைத் தாண்டவில்லை. பைன் மரக்காட்டு ஏற்றத்தில் மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்தது. விசில் சத்தமே இல்லை. டர்போவில் ஏதோ கோளாறு என்று அப்பா ஓரம் கட்டினார்.

முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். அரை மணி. கொஞ்ச தூரம் போய், டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகிற குழாயில் ஓட்டையா என்று கழற்றிப் பார்த்து, கிளிப்பை எல்லாம் இறுக்கினார். முக்கால் மணி. அப்புறம் டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று வடித்துப் பார்த்தார். அத்தை வெயிலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு பஸ் வந்தது. "தம்பி, நாங்க பஸ்ல ஏறிடறோமே" என்றாள். "பத்து நிமிஷம்க்கா, முடிஞ்சுது" என்றார் அப்பா. அந்தப் பஸ் போய், இன்னொரு பஸ்ஸும் போயிற்று.

நான் வண்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "அப்பா, பொகையே வரலியே" என்றேன். அவர் பாடத்தையே அவருக்கு ஒப்பித்தேன், அவ்வளவுதான். "வாய மூடிட்டு ஏறு" என்றார். அந்த மாதிரி அவர் என்னிடம் எரிந்து விழுந்ததே இல்லை.

நாடிக்கு முன்னால் சோதனைச் சாவடி. சின்ன வயசு ராணுவக்காரர் ஒருவர் எங்களை இறக்கிவிட்டு, ஆயுதம் இருக்கிறதா என்று சீட்டுக்கு அடியில் எல்லாம் தேடினார். ஓட்டுநர் பக்கத்து ரப்பர் விரிப்பைத் தூக்கியவர், ஆக்சிலேட்டர் பெடலுக்கு அடியிலிருந்து எதையோ பிடுங்கி எடுத்தார். இரண்டாக மடித்துக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டிய ரப்பர் செருப்பு. வார் அறுந்து கொல்லையில் கிடந்த என் பழைய செருப்பு. பெடல் பாதிக்கு மேல் இறங்காதபடி அது முட்டுக் கொடுத்திருந்தது. அவர் அதை என் கால் அளவோடு ஒத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, உன்னுடையதா என்று எங்கள் தீவில் புழங்கும் இந்தியில் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அன்று நான் செய்த ஒரே தப்பு அதுதான்.

அப்பா என்னை அறைந்தார். காது கிண்ணென்றது. குழந்தையை அடிக்காதே என்று குறுக்கே வந்தவர் துப்பாக்கி வைத்திருந்த அந்த ராணுவக்காரர்தான். என் அம்மாகூட வாய் திறக்கவில்லை. கம்பியைக் குறடு போட்டு முறுக்கியிருந்தது. பத்து வயதுப் பிள்ளை முறுக்குகிற முறுக்கா அது? ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பெட்டி மேல் உட்கார்ந்து நான் கத்தியது மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

அதற்கப்புறம் வண்டி விசிலடித்துக்கொண்டு பறந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கவுண்டரை மூடியிருந்தார்கள். அத்தை பெட்டி மேல் உட்கார்ந்து அழுதாள். அத்தை மகள் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி விசா வர இரண்டு வருஷம் ஆயிற்று. வீட்டையும் நிலத்தையும் விட்டுக் கொடுத்துவிட்டதால் அந்த இரண்டு வருஷமும் அவர்கள் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். அத்தை மகள் என் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தாலும் உப்பை எடுத்துத் தரச் சொல்லி அம்மாவைத்தான் கூப்பிடுவாள். தினமும் சாயங்காலம் அப்பா அக்கா கையால் தேநீர் வாங்கிக் குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசினார். நன்றாகச் சாப்பிட்டார், உடம்பு கூடப் போட்டார். இரண்டாம் தடவை அவர்களை விமானத்துக்குக் கொண்டுபோனபோது வெறுங்காலோடு ஓட்டினார். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அத்தை மகள் என்னிடம் போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை பேசவும் இல்லை. அத்தை செத்தபோது நான் அனுப்பிய கடிதத்துக்கும் பதில் இல்லை.

இப்போது அப்பா ஆக்லாந்தில் என்னோடு இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது. போன வருஷம் அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். என் வண்டியும் டர்போ வைத்த டீசல்தான். ஏற்றத்தில் எழுபதுக்கு மேல் போக மாட்டேன் என்றது. டர்போ போய்விட்டதோ, எவ்வளவு செலவு வைக்குமோ என்று நான் புலம்ப ஆரம்பித்தேன். அப்பா பக்கத்தில் அரைத் தூக்கத்தில் இருந்தார். கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"டர்போவுக்கு ஒண்ணுமில்ல. நீ மிதிக்கறது முழுசா எறங்கல. ரப்பர் மேட்டு நவுந்து பெடலுக்குக் கீழ போயிருக்கும், பாரு."

ஓரம் கட்டிப் பார்த்தேன். அவர் சொன்னதுபோலவே இருந்தது. அடுத்த சீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் காலுக்கு அடியில் இருப்பதைச் சொல்லிவிட்டார். விரிப்பைச் சுருட்டி அவர் மடியில் எறிந்தேன்.

"அப்போ அன்னைக்கு மட்டும் ஏம்பா தெரியல?"

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அன்னைக்கு ஷூ போட்டிருந்தேன்ல" என்றார். "கால்ல ஒண்ணும் தெரியல."

போனை எடுத்து நீட்டினேன். இதையே உங்க அக்கா மகள்கிட்ட சொல்லுங்க என்றேன். அவர் கை நீட்டவில்லை. எவ்வளவோ நேரம் நீட்டிக்கொண்டே இருந்துவிட்டு, வண்டியைக் கிளப்பினேன். என் செருப்பை வேண்டுமென்றே எடுத்தாரா, கைக்கு அகப்பட்டதை எடுத்தாரா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

அன்று காலையில் அந்த ஷூவைத் துடைத்தது நான்தான். தேங்காய் எண்ணெய் தொட்டு, பழைய துணியால் பளபளவென்று தேய்த்தேன். அக்காவை மரியாதையாக வழியனுப்பத்தான் அப்பா ஷூ போடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் போதும் என்ற பிறகும், உட்கார்ந்து இன்னொரு தடவை துடைத்துக் கொடுத்தேன்.