பென்டிரைவைச் செருகாதீங்க

சபையாரே, வெட்கத்தோடு நிற்கிறேன். ஆனாலும் ஆண்டவர் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். ஏனாத்தூரில் டிகிரி முடித்து, சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவைக்கு டிசைன் போடும் கடையில் சேர்ந்தேன். நாங்கள் கம்ப்யூட்டரில் போடும் டிசைனைத் தறிக்காரர்கள் பென்டிரைவில் எடுத்துப்போய்த் தறியில் டிசைனை ஓட்டும் பெட்டியில் செருகி நெய்வார்கள்.

போன ஜூலையில் ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு டிசைனும் திறக்கவில்லை. எல்லாவற்றையும் பூட்டியிருக்கிறோம், பணம் அனுப்பினால்தான் சாவி என்று திரையில் மிரட்டல். நான்கு வருட வேலை. எங்களை நம்பிய தறிகள் நின்றுவிடும்.

காரணம் எனக்குத் தெரியும். சனிக்கிழமை ஒரு திருட்டு டிசைன் சாப்ட்வேரை ஏற்றினேன். ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னது. அணைத்தேன்.

முதலாளி, கடை பெருக்கும் செல்வி அக்காவைப் பார்த்தார். "தூசி தட்டறேன்னு எதையாவது அமுக்கிட்டியாமா?"

"எனக்கு ஆன் பண்ணவே தெரியாது சார்."

"தெரியாதவங்கதான் அமுக்குவாங்க. நாளையிலருந்து வராத."

நான் பேசவில்லை. அக்கா துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டுப் போனார். என் அம்மாவைப் போலவே எழுதப் படிக்கத் தெரியாதவர்.

மாடிப்படியில் உட்கார்ந்து, "ஆண்டவரே, ஃபைல்களைத் திறந்துவிடும்" என்று ஜெபித்தேன். திரும்பத் திரும்ப அக்காவின் முகம்தான் வந்தது. கடைசியில், "என் வாயைத் திறந்துவிடும்" என்று அழுதேன்.

இறங்கி வந்தபோது, தறிக்காரர் ஏகாம்பரம் அண்ணன் புது டிசைன் எடுக்க அந்தக் கம்ப்யூட்டர்மேல் குனிந்துகொண்டிருந்தார்.

"அண்ணா, பென்டிரைவைச் செருகாதீங்க. அதுல இருக்கறதும் போயிடும். சார், தப்பு என்னுது. செல்வியக்கா எதையும் தொடல."

"இன்னாமா சொல்ற? படிச்ச பொண்ணு நீயா?" என்றார் அண்ணன். முதலாளி தலையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

உடனே நெட் ஒயரைப் பிடுங்கினேன். பணம் அனுப்பவில்லை, சைபர் போலீசில் புகார் கொடுத்தோம். தறி தறியாகப் போய்ப் பென்டிரைவ்களை வாங்கி, வைரஸ் இருக்கிறதா என்று பார்த்து, வேறு கம்ப்யூட்டரில் ஏற்றினோம். தறியில் ஓடிக்கொண்டிருந்த டிசைன்கள் பிழைத்தன. மற்றவை போனது போனதுதான்.

இப்போது வாரந்தோறும் எல்லாவற்றையும் தனி டிஸ்க்கில் எடுத்து, கழற்றிப் பீரோவில் வைக்கிறேன். திருட்டு சாப்ட்வேரைத் தொடுவதில்லை.

முதலாளி கூப்பிட்டும் செல்வி அக்கா திரும்பி வரவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். "நீ பாத்துக்கினே நின்னியேமா," என்றார்.

உங்களில் யாராவது ஒரு தப்பை மறைத்துக்கொண்டே ஜெபித்துக்கொண்டிருந்தால், அதைச் சொல்லும் பலத்தை முதலில் கேளுங்கள். கேட்டவுடன் எனக்குத் தந்தார். நான்தான் அரை மணி நேரம் தாமதமாகக் கேட்டேன்.