நான் மாற்றிக் கேட்ட கேள்வி

அந்த அயர்லாந்துக்காரனை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தன் நாட்டில் மேடையில் தனியே நின்று பகிடி பேசி ஆட்களைச் சிரிக்கவைத்துப் பேரெடுத்தவன். பிறகு தொலைக்காட்சித் தொகுப்பாளனாகி நாடு நாடாகச் சுற்றுகிறவன். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் படம்பிடிக்க வந்தபோது மூன்று நாட்கள் நான்தான் அவனுக்கு மொழிபெயர்ப்பாளன்.

வான் வண்டியில் போகும்போது தன் கதையெல்லாம் சொன்னான். மதுக்கடை மாடிகளில் பத்துப் பேருக்கு முன்னால் தொடங்கினானாம். ஒருவரும் சிரிக்காவிட்டால் கழிப்பறைக்குள் போய் அழுவானாம். தொலைக்காட்சிக்காரர் கூப்பிட்ட பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட்டானாம். பாவம் என்று என் சாப்பாட்டுப் பார்சலில் பாதியை அவனுக்குக் கொடுத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் இறக்கக்கண்டிக்குப் போனோம். நான் நானா என்று கூப்பிடும், நெடுநாள் பழக்கமான முஸ்லிம் பெரியவர் ஒருவர் அங்கே வாடி என்கிற கடற்கரைக் கொட்டிலில் கருவாடு போடுகிறார். என்னை நம்பித்தான் கமராவுக்கு முன்னால் நின்றார், அதுவும் பெருநாளுக்கு எடுத்த சேர்ட்டைப் போட்டுக்கொண்டு. அயர்லாந்துக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டான்: "இந்த நாற்றத்தோடு உன் மனைவி உன்னைக் கட்டிலில் சேர்க்கிறாளா?"

எங்கள் பக்கத்தில் இன்னொருவர் மனைவியைப் பற்றி நேரே விசாரிப்பதே மரியாதையில்லை. இதை நான் எந்த வாயால் கேட்பது?

"நானா, வீட்டில சுகமா இருக்கினமோ எண்டு கேட்கிறார்" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்! அவவுக்கென்ன தம்பி, ராசாத்தி போல இரிக்கா" என்று நானா வாய் நிறையச் சிரித்தார். கமரா அந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டது.

நிகழ்ச்சி வெளியானதும் யாரோ அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் போனில் சுற்றவிட்டார்கள். அவனுடைய கேள்வி, உடனே நானாவின் சிரிப்பு. நானா சொன்ன பதிலை வெட்டி எறிந்திருந்தார்கள். கேள்விக்கு மட்டும் கீழே தமிழில் எழுத்து வேறு. மீன் சந்தை முழுக்கப் பார்த்தது. நானாவின் மனைவியும் பார்த்தார். தன்னைப் பற்றி அப்படிக் கேட்டவனிடம் புருஷன் பல்லைக் காட்டினார் என்றுதான் அவர் நினைத்தார். வேறு எதை நினைப்பார்? இங்கே வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. அதனால் வெளியே போனவர் நானாதான். வாடியில் பாய் விரித்துப் படுத்தார்.

அயர்லாந்துக்காரனுக்கு நாலு பக்கம் திட்டி எழுதினேன். அது வெறும் பகிடி என்று ஒரு வரி பதில் வந்தது. பகிடியாம்!

வாடிக்குப் போய் நானாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவனை வாயில் வந்தபடி ஏசினேன். நானா மீனைக் கீறி உப்புத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அவன விடுங்க தம்பி, அவன்ட தொழில் அது. நீங்க என்னத்துக்கு மாத்திக் கேட்டீங்க? உள்ளத உள்ளபடி சொல்லியிருந்தா, என்ட பொஞ்சாதிக்காக அந்த இடத்திலேயே ரெண்டு வார்த்த பேசியிருப்பனே."

"வாங்கோ நானா, வீட்டில நானே வந்து சொல்லுறன்" என்றேன்.

"வேணாம்" என்றார். "இனிமே எனக்காக நீங்க ஒண்டும் சொல்ல வேணாம்."