சத்தம் போடாத சாடி

அக்காவின் கலியாணம் முற்றானபோது மாப்பிள்ளையின் தகப்பன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கோயிலால் வந்ததும் கேக்கும் வைனும் வைத்து வரவேற்க வேண்டும். வைன் வீட்டில் செய்ததாக இருக்க வேண்டும். திருகோணமலையில் எங்களைப் போன்ற வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அது பெரிய விஷயமல்ல. ஆனால் அது வெளிநாட்டுச் சாமான் வராத காலம். வைனுக்குப் போடுகிற முந்திரிகை வத்தலை, அந்த உலர்ந்த திராட்சையை, கண்ணாலும் காண முடியவில்லை.

"பழம் இல்லாட்டி என்ன? கள்ளும் புளிச்சுப் பொங்கிற சாமான்தானே" என்றார் அம்மா.

கூப்பனுக்கு அளந்து கிடைக்கிற சீனியை இரண்டு மாதமாகச் சேர்த்தோம். வீட்டில் எல்லோரும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந் தேத்தண்ணீர் குடித்தோம். கள்ளுக்குச் சொல்லிவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

பனை சீவுகிறவர் சல்லிக் கிராமத்துப் பக்கமிருந்து தவறணைக்கு, அதுதான் கள்ளுக்கடைக்கு, கள்ளுக் கொண்டுபோகிறவர். காலையில் எங்கள் வேலியோரமாகத்தான் சைக்கிளில் போவார். நான் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காதவள். அதுவும் குமர்ப்பிள்ளை ஒருத்தி ரோட்டில் நின்று கள்ளு வேணும் என்று எப்படிக் கேட்பது? எதிரே தண்ணீர்க் குழாயடியில் வேறு சனம் நின்றது.

"அண்ணை, நாளைக்கு ரெண்டு முட்டி வேணும். இனிப்பா உள்ளது" என்றேன்.

"கருப்பணியோ, பிள்ளை?"

"ஓம்" என்றுவிட்டு உள்ளே ஓடிவந்தேன்.

கருப்பணி என்றால் பதநீர்; அது எடுக்கிற முட்டிப் பானைக்குள் சுண்ணாம்பு பூசுவார்கள். பூசினால் புளிக்காது, இனிப்பாகவே இருக்கும். அது எனக்குத் தெரியாததல்ல. பொங்க வேண்டிய காரியத்துக்குப் பொங்காததைக் கேட்டு வாங்குகிறேன் என்பதுதான் அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை. மறுநாள் முட்டிகள் வந்தபோது அம்மாவுக்கோ தடிமன், மூக்கடைத்து மணம் பிடிபடவில்லை. வடித்து, சேர்த்த சீனி முழுவதையும் கொட்டி, கறுவாவும் கராம்பும் இஞ்சியும் போட்டு, ஊறுகாய்ச் சாடியில் ஊற்றி, வாயை வெள்ளைத் துணியால் கட்டிக் குசினி மூலையில் வைத்தோம்.

பொங்கத் தொடங்கினால் சாடிக்குள் தூறல் விழுவதுபோல ஒரு சத்தம் கேட்கும். அடுத்த நாள் கேட்கவில்லை. மூன்றாம் நாளும் கேட்கவில்லை. நாலாம் நாள் அம்மா துணியை அவிழ்த்து ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ அவரிட்ட என்ன கேட்டனீ?"

நான் சொன்னேன்.

"ரெண்டு மாதச் சீனியடி! சம்பந்தி வீட்டாருக்குச் சுண்ணாம்புத் தண்ணியே குடுக்கிறது?"

கலியாணத்துக்கு இன்னும் நாலு கிழமைகூட இல்லை. வேறு சீனியும் இல்லை. அக்கா தன்பாட்டில் உடுப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

மறுநாள் காலை வேலியடியில் நின்றேன். சைக்கிள் வந்தது.

"அண்ணை, கள்ளு வேணும்!"

நினைத்ததை விடப் பலமாக வந்துவிட்டது. குழாயடியில், "இதென்னடி விடியக் காலமையே?" என்று ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு நான் சொன்னதைக் கேட்டார்.

"அண்டைக்கே சொல்லியிருந்தா நான் என்ன, பொலிசுக்கோ போயிருப்பன்?" என்றார். பிறகு, "சாடியை ஆட்டாதேங்கோ. சுண்ணாம்பு அடியில கிடக்கும், தெளிஞ்சதை மட்டும் மேலால எடுங்கோ. தேசிக்காய் பிழிஞ்சு புளி விட்டு, இந்தக் கள்ளு மண்டியையும் சேருங்கோ, அது பொங்க வைக்கும். பாப்பம்" என்று ஒரு போத்தலை நீட்டினார்.

அப்படியே செய்தோம். அடுத்த நாள் பின்னேரம் அம்மா சாடியில் காதை வைத்தார். "கதைக்குது" என்றார். என்னோடும் அப்போதுதான் திரும்பக் கதைக்கத் தொடங்கினார்.

மூன்று கிழமையால் வடித்து, நிறத்துக்குக் கொஞ்சம் பீட்ரூட் சாறு விட்டோம். கலியாணத்தன்று மாப்பிள்ளையின் தகப்பன் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, மறுபடியும் கிளாசை நீட்டினார்.

"நல்லாயிருக்கு. என்ன பழம்?"

அம்மா முகத்தை அசைக்கவில்லை. "முந்திரிகை வத்தல். கஷ்டப்பட்டு எடுத்தனாங்கள்" என்றார்.

பந்தல் மூலையில் கதிரையில் இருந்த பனை சீவுகிறவருக்குப் புரையேறியது. நான் தட்டோடு அவரைத் தாண்டிப் போகும்போது மெல்லக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அந்தப் பழத்தில எனக்கும் இன்னும் ஒண்டு."