கனம் குறைந்த மெத்தை

என் கையை நான் ரொம்ப நம்புகிறவன். பெரம்பலூர் பருத்தி மண்டியில் இருபது வருஷம் கொள்முதல் பார்த்த கை. மூட்டைக்குள் முழங்கை வரை விட்டு ஒரு பிடி பிடித்தால் போதும், செடியில் எத்தனையாவது தடவை பறித்த பருத்தி, தண்ணீர் தெளித்து எடை ஏற்றியிருக்கிறார்களா என்று சொல்லிவிடுவேன். எந்த மூட்டையும் கனத்தாலே எனக்குச் சந்தேகம்தான். மண்டியில் எல்லாருக்கும் அப்படித்தான்.

இந்தத் திமிரோடுதான் என் மனைவிக்கு மெத்தை வாங்கப் போனேன். அவளுக்கு இடுப்பில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. திருச்சி டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஆறு மாசம் நல்ல படுக்கையில படுக்கட்டும், சொல்ற பயிற்சியச் செய்யட்டும். கொறயலன்னா ஆபரேஷன்தான்" என்றார். ஊசி போட்டாலே கண்ணை மூடிக்கொண்டு என் சட்டையைப் பிடித்துக்கொள்கிறவள் அவள். முதுகெலும்பில் கத்தி என்றதும், திரும்பி வந்த பஸ்ஸில் எங்கள் ஊர் குரும்பலூர் வரை என் சட்டையை விடவில்லை.

மறுவாரமே பாடாலூர் போனேன். ஹைவே ஓரம் ஒருவர் லாரியில் மெத்தை அடுக்கி விற்றுக்கொண்டிருந்தார். ஒரே அளவில் இரண்டு ஃபோம் மெத்தைகளை இறக்கிக் காட்டினார். தூக்கிப் பார்த்தேன். ஒன்று கனம். இன்னொன்றை ஒரு கையிலேயே தூக்கிவிடலாம். "கனமா இருக்கறதுதாங்க நல்லது, நின்னு ஒழைக்கும்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "எடை ஏத்துற வேலையெல்லாம் எங்கிட்ட வச்சுக்காதய்யா, நான் மண்டிக்காரன்" என்று நாலு பேர் கேட்க ஏசிவிட்டு, லேசாக இருந்ததையே வாங்கி வந்தேன். அன்று முழுக்க வீட்டில் என் சாமர்த்தியத்தைப் பற்றித்தான் பேச்சு. பேசியது நான் மட்டும்தான் என்பது வேறு விஷயம்.

நாலு மாதத்தில் மெத்தைக்கு நடுவே குழி விழுந்தது. வலி குறைந்தபாடில்லை. மெத்தைக்கு மேல் மெல்லிசாக இன்னொரு மெத்தை விரிக்கலாம், டாப்பர் என்று அதற்குப் பெயர் என்று செல்லில் ஒரு வீடியோவில் பார்த்தேன். ஆஹா, விஷயம் முடிந்தது என்று அவளையும் அழைத்துக்கொண்டு பெரம்பலூரில் ஒரு மெத்தைக் கடைக்குப் போனேன்.

கடையை நடத்துகிறவர் லெப்பைக்குடிக்காட்டுப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் குவைத்தில் இருக்க, கடை முழுக்க இவர் பொறுப்பு. "ரெண்டு இஞ்ச்ல ஒரு டாப்பர் குடும்மா" என்றேன்.

"தரேண்ணே. கீழ கிடக்குற மெத்தை எப்படி இருக்கு? குழி விழுந்திருக்கா?"

"லேசா" என்றேன்.

"லேசா இல்லம்மா, மூணு வெரல் ஆழம்" என்றாள் என் மனைவி.

"அப்ப டாப்பர் வேணாம்ணே. குழி மேல எதைப் போட்டாலும் அதுவும் சேந்து உள்ள எறங்கிடும். அக்கா இடுப்பு அப்படியேதான் இருக்கும்."

விற்க உட்கார்ந்திருக்கிறவர் வேண்டாம் என்கிறாரே! எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "எனக்குப் பஞ்சு தெரியும்மா, கேட்டதக் குடு" என்றேன். அவர் முகம் மாறவில்லை. மேசைக்கு அடியிலிருந்து செங்கல் அளவில் இரண்டு ஃபோம் துண்டுகளை எடுத்து என் இரண்டு கையிலும் வைத்தார். "எது நல்லதுன்னு சொல்லுங்கண்ணே." யோசிக்காமல் கனம் குறைந்ததை நீட்டினேன்.

"பருத்திக்காரவுங்க அத்தன பேரும் இதைத்தான் எடுக்குறாங்க" என்று சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. "பருத்தி கனத்தா தண்ணியா இருக்கும், சந்தேகப்படுறது சரிதான். ஃபோம் அப்படி இல்லண்ணே. கனமா இருந்தாத்தான் உள்ள சரக்கு இருக்குன்னு அர்த்தம். இதுல பூரா காத்து. படுக்கப் படுக்க நசுங்கிப் போயிடும்."

எனக்குச் சுருக்கென்றது. பாடாலூரில் அந்த மனிதர் உண்மையைச் சொல்லி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். நல்லதை அவரே என் கையில் கொடுத்தும், வேண்டாம் என்று தள்ளியவன் நான்.

அதற்குள் அந்தப் பெண் என் மனைவி பக்கம் திரும்பிவிட்டார். "காலையில எந்திரிக்கிறப்ப எப்படிக்கா இருக்கு?"

மனைவி ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எங்கம்மா எந்திரிக்க முடியுது? கட்டில்லேருந்து கீழ எறங்கி, தவழ்ந்துதான் பாத்ரூமுக்குப் போறேன். இவுங்க முழிக்கிறதுக்குள்ள போயிட்டு வந்துடுவேன். ஆசையா வாங்கியாந்த மெத்தை, எப்படிச் சொல்றது?"

எனக்குத் தெரியாது. நாலு மாதமாக ஒரே அறையில் படுத்துக்கொண்டு எனக்குத் தெரியாது. அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"படுத்துப் பாத்துத்தாங்க்கா வாங்கணும்" என்றார் கடைக்காரப் பெண். கடைவீதியில், வருகிற போகிற ஆம்பளைகள் பார்க்க, இவளாவது படுப்பதாவது! மெத்தை நுனியில்கூட உட்கார மாட்டேன் என்று நின்றாள். அந்தப் பெண் வற்புறுத்தவில்லை. வாசலுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "அண்ணே, நீங்க வெளிய ஒக்காருங்க" என்று என்னைக் கிளப்பினார். ஷட்டரைப் பாதிக்கு மேல் இறக்கிவிட்டார். வியாபார நேரம் அது. எதிர்க் கடைக்காரர் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்.

உள்ளே அவர் குரல் மட்டும் கேட்டது. "மொதல்ல தேங்கா நாரு மெத்தை. ஒருக்களிச்சுப் படுங்க்கா. தோளு குத்துதா? எந்திரிங்க, அடுத்தது." கொஞ்ச நேரம் கழித்து, "இது கனமான ஃபோம். மல்லாக்கப் படுங்க, இடுப்புக்கடியில கைய விட்டுப் பாக்குறேன். ம், என் கை சும்மா போயிட்டு வருது, இடுப்புக்கடியில எடம் காலியா இருக்கு. மெத்தை நல்லாத் தாங்குதுக்கா, மேலாக்க கொஞ்சம் அமுங்கினா போதும். இங்கதான் டாப்பர் வேணும்." எதையோ இழுத்து விரிக்கும் சத்தம். "இப்பப் படுங்க. ஆங், கை நுழையல. அவசரமில்ல, அப்படியே கெடங்க."

இருபது வருஷத்தில் ஒரு மூட்டையையாவது நான் இவ்வளவு பொறுமையாகப் பார்த்திருப்பேனா? இல்லவே இல்லை. என் கை தன்னையே மெச்சிக்கொண்ட கை. அவர் கை அடுத்தவர் வலி எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தது.

கொஞ்ச நேரத்தில் உள்ளே பேச்சு நின்றுவிட்டது. பிறகு கொர்ரென்று ஒரு சத்தம். என் மனைவியின் குறட்டை. இதை எழுதினால் அவளுக்குக் கோபம் வரும். வரட்டும், எழுதத்தான் போகிறேன். அந்தக் குறட்டையைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

கடைக்காரப் பெண் சத்தமில்லாமல் ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தார். "எழுப்பட்டுமாம்மா?" என்றேன். "விடுங்கண்ணே, எத்தனை நாள் தூக்கமோ" என்றார். அந்நேரம் பார்த்து ஒரு தம்பதி தலையணை கேட்டு வந்தார்கள். அவர் வாயில் விரலை வைத்து, "கோச்சுக்காதீங்க, ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க. உள்ள எங்க அக்கா தூங்குறாங்க" என்று திருப்பி அனுப்பினார்.

ஆபரேஷன் வேண்டாம் என்று திருச்சி டாக்டர் சொன்னது, அன்று அங்கே வாங்கிய மெத்தையில் அவள் இரண்டு மாதம் படுத்த பிறகு. மனைவி அழுதாள். நான் அழவில்லை. அழ வேண்டியதையெல்லாம் அந்தக் கடை வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பட்டப்பகலில் அழுது முடித்திருந்தேன்.